கடல் விட்டுப்போன நிலத்தில் எல்வீரா

எல்வீரா கியூரு எங்கள் ஊரில் வந்து இறங்கியபோது அவருடன் எட்டு வயது மகள் ஐலியும் ஓமெனா என்ற பசுவும் இருந்தார்கள். ஊர் முதலில் விசாரித்தது பசுவைத்தான். எவ்வளவு கறக்கும் என்று ரயில் நிலையத்தில் நின்றவர்கள் ஸ்வீடிஷில் கேட்டார்கள். எல்வீராவுக்கு ஃபின்னிஷ் மட்டும்தான் தெரியும். கேள்வி புரியாவிட்டாலும் கேட்பவர்களின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாராம்.

அது 1944, இலையுதிர்காலம். போர் முடிந்து எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தபோது நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்த கரேலியா கோட்டுக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவிடம் போய்விட்டது. அங்கே இருந்தவர்கள் நாலு லட்சம் பேர் வீட்டை விட்டுவிட்டு நாடெங்கும் சிதறினார்கள். எங்கள் ஊரின் பங்குக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். எல்வீராவின் கணவர் அந்தப் போரிலேயே போய்விட்டிருந்தார்.

எங்கள் ஊருக்கு ஸ்வீடிஷில் ஸ்டென்விக் என்று பெயர், ஃபின்னிஷில் கிவிலாஹ்தி. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், கல்லுக் குடா. தெருக்களுக்கும் அப்படித்தான், ஒரே பலகையில் இரண்டு பெயர். ஊரில் எந்த மொழிக்காரர்கள் அதிகமோ அவர்களுடைய பெயர் மேலே இருக்கும். அந்தக் காலத்தில் ஸ்வீடிஷ் மேலே. என் அப்பா மேல்வரிக்காரர், அம்மா கீழ்வரிக்காரர். அதனால் 1958இல் நகரசபையில் நில அளவையாளராக நான் சேர்ந்தபோது, அளவுச் சங்கிலியைவிட என் நாக்குக்குத்தான் அதிக வேலை இருந்தது. அதற்கு முன் நடந்ததை எல்வீராவும் தீரா கிரான்ஹோல்மும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். நான் இரண்டையும் நம்புவேன்.

தீரா கப்பல் முதலாளியின் விதவை. ஊரிலேயே பழைய குடும்பம், கோயில் தெருவின் முனையில் மஞ்சள் வண்ணம் அடித்த பெரிய மரவீடு. அகதிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டதும் சமையலறையை ஒட்டிய அறையை எல்வீராவுக்கு ஒதுக்கினார். காலை ஆறிலிருந்து ஏழரை வரை அடுப்பு எல்வீராவுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரக்கூடாது. சாமான் அலமாரி எப்போதும் பூட்டியிருக்கும், சாவி தீராவின் இடுப்பில் தொங்கும்.

எல்வீரா பேசாமல் இருக்கத் தெரியாதவர். கரேலியாக்காரர்களே அப்படித்தான், அடுப்பு பற்றவைக்கும்போது விறகோடும் பேசுவார்கள். இங்கே இருப்பவர்களோ குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டால்கூட கரண்டிச் சத்தம்தான் கேட்கும். தீரா சமையலறைக்குள் வந்து வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். கதவு மூடுவதற்குள் எல்வீரா ஃபின்னிஷில் ஆரம்பித்துவிடுவார்.

"மூஞ்சியைப் பாரு. உப்புல ஊறின ஹெர்ரிங் மீன் மாதிரி."

"அம்மா, கேக்கப்போறாங்க," என்பாள் ஐலி.

"கேக்கட்டுமே. காதுல விழுந்தா மட்டும் புரிஞ்சிடுமா?"

மொழி தெரியாமல் பட்ட அவமானமும் உண்டு. கடைக்குப் போய் மாவு வாங்கினார். போட்டுக்கொள்ளப் பை இல்லை. ஃபின்னிஷில் பைக்கு ‘புஸ்ஸி’ என்று பெயர். கடைக்காரரிடம் "ஒரு புஸ்ஸி குடுங்க, ஒண்ணே ஒண்ணு போதும்" என்று கேட்டிருக்கிறார். ஸ்வீடிஷில் ‘புஸ்’ என்றால் முத்தம். கடைக்காரர் காது வரைக்கும் சிவந்து, உள்ளே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். இருபது வருடம் கழித்தும் அந்தக் கடைக்காரரைத் தெருவில் பார்த்தால் எல்வீரா, "பை இருக்கா?" என்றுதான் கேட்பார்.

மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தார். வாடகைக்குப் பதிலாகத் தரை தேய்த்தார், மாவுப்பெட்டி கழுவினார், களஞ்சியம் பெருக்கினார். அந்த வீட்டில் எதை எடுத்தாலும் ஒரு குறி செதுக்கியிருக்கும். தூண்டில் முள் போல ஒரு வளைவு, அதன் குறுக்கே இரண்டு கோடுகள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு குறி உண்டு, இது எங்களுடையது என்று சொல்ல. எல்வீராவின் விரல்கள் அந்தப் பள்ளங்களில் இருந்த அழுக்கை மூன்று வருடம் தோண்டியெடுத்தன.

1947இல் நகரசபை அவருக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தது. ஊர் எல்லைக்கு வெளியே, யாருக்கும் வேண்டாத உப்புப் புல்வெளி. எனக்கு முன்னால் இருந்த அளவையாளர் பத்திரத்தில் எழுதியிருந்தார்: மூன்று பக்கம் கல், நாலாவது பக்கம் கடல். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எல்வீரா அங்கே ஒரு சின்ன வீடும் ஒரு மாட்டுக்கொட்டிலும் கட்டினார். துணி அலச, தண்ணீர் ஓரத்தில் தட்டையான கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் கரையோர எல்லைகளைத் திரும்ப அளக்கச் சொன்னார்கள். எல்வீராவின் நிலத்துக்குப் போனபோது அவர் அலசின துணியை வாளியில் சுமந்துகொண்டு எதிரே வந்தார்.

"நீங்க அளவைக்காரர்தானே? ஃபின்னிஷ் பேசறவர்?"

"ஆமாம்மா."

"அப்ப ஒண்ணு கேக்கணும். எத்தனையோ வருஷமா கேக்கணும்னு இருக்கேன், யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை. இந்தக் கடல் எங்க போகுது?"

"எங்க போகுதுன்னா?"

"வாங்க, காட்டறேன்."

முதலில் துணி அலசின கல்லைக் காட்டினார். அது புல்லுக்கு நடுவே காய்ந்து கிடந்தது, சுற்றிலும் மஞ்சள் பூ. அதற்கு அப்பால் இரண்டாவது கல், அதுவும் காய்ந்துதான் கிடந்தது. இப்போது அலசுவது மூன்றாவது கல்லில். முதல் கல்லிலிருந்து மூன்றாவதற்கு நாற்பது தப்படி.

"காத்து அடிச்சா தண்ணி ஏறும், இறங்கும், அது எனக்கும் தெரியும். ஆனா இது ஒரேயடியாப் போகுதே! யாராவது திருடறாங்களா?"

"கடல் எங்கயும் போகலைம்மா. நிலம்தான் மேல வருது."

வாளியைக் கீழே வைத்தார். "பெரியவங்ககிட்ட விளையாடாதீங்க தம்பி."

நான் விளையாடவில்லை என்று சொல்லிப் புரியவைத்தேன். ஒரு காலத்தில் இந்த நாட்டின் மேல் மலை மலையாகப் பனி கிடந்தது, அதன் பாரத்தில் பூமியே கீழே அழுந்திவிட்டது. பனி உருகிப் பத்தாயிரம் வருடம் ஆகியும் அழுந்தின பூமி இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. எங்கள் கரையில் நூறு வருடத்துக்கு ஒரு ஆளின் இடுப்புயரம். கரை தட்டையாக இருப்பதால் ஒரு விரல் உயர்ந்தாலே கடல் பல அடி தள்ளிப்போகிறது.

எங்களுக்கெல்லாம் இது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். படகுத்துறையை ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை முன்னால் நகர்த்துவோம், அதோடு சரி. அதைக் கேட்டு ஒருவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. எல்வீரா மண்ணைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். காலை மெதுவாகப் புல்லில் வைத்து அப்படியே நின்றார்.

"பிசைஞ்ச மாவுல விரலை அழுத்தி எடுத்தா மெல்ல எழும்புமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரியேதான்."

"இப்பவும் எழும்புதா? நாம நிக்கறப்பவே?"

"இப்பவும்தான்."

எல்வீரா பேசாமல் இருந்தது எனக்குப் பயமாகவே இருந்தது. கடைசியில் சொன்னார்: "அங்க ஒரு கையெழுத்துல அத்தனை நிலமும் போச்சு. எங்க மாமனார் முப்பது வருஷம் கல்லு பொறுக்கின வயல். இங்க யாரும் கேக்கலை, யாரும் சண்டை போடலை, தானா வருது. இதை நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

அன்று ரை என்ற தானிய மாவு ஓட்டில் அரிசிக் கஞ்சி நிரப்பிச் சுட்ட அப்பமும் காப்பியும் கொடுத்தார். நிலத்தை அளந்து முடித்தபோது கடல் பக்கம் பத்திரத்தில் இல்லாத ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. சட்டப்படி அது கரையோரக் கூட்டுச் சொத்து. வேறு யாரும் கேட்காததால் அவரே பயிர் செய்துகொள்ளலாம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்தத் துண்டு உப்பு கரைந்து, காய்ந்து, உழுகிற பதத்துக்கு வர இன்னும் ஏழு வருடம் ஆயிற்று. 1965 மே மாதம் உருளைக்கிழங்கு போடுவதற்காக ஐலியின் கணவர் டிராக்டரைக் கொண்டுவந்து முதல் சால் ஓட்டினார். பாதி வயலில் கலப்பை எதிலோ மாட்டி டிராக்டர் நின்றுவிட்டது. எல்வீரா நகரசபைக்குத் தொலைபேசினார்.

"அளவைக்காரரே, என் வயலுக்குள்ள யாரோ எல்லைக்கட்டை அடிச்சு வச்சிருக்காங்க. ஒண்ணு இல்ல, வரிசையா இருக்கு."

"அங்க யாரும்மா எல்லைக்கட்டை அடிப்பாங்க? அது கடலா இருந்த இடம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். வந்து பாருங்க."

நான் போனபோது இரண்டு மண்வெட்டிகளோடு அவரும் மருமகனும் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தார்கள். நீலக் களிமண்ணிலிருந்து கறுத்த மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கு ஒரு முழம் இடைவெளி. எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. நான் மண்வெட்டியை வாங்கி ஒரு கட்டையின் ஓரத்தைச் சீவினேன். சீவின இடம் தேன் நிறத்தில் இருந்தது. அதிலிருந்து வாசனை வந்தது, பைன் மரத் தாரின் வாசனை. நேற்றுப் பூசியது போல.

"இது விலா எலும்பும்மா," என்றேன்.

எல்வீரா சிலுவை போடுவதுபோல் நெஞ்சில் கை வைத்தார். "எந்தப் பிராணியோடது?"

"பிராணி இல்ல. படகு."

கடல் அங்கிருந்து பார்த்தால் தெரியக்கூட இல்லை. நாணல் காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. வானம்பாடி ஒன்று மேலே பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் உருளைக்கிழங்கு வயலில், ஒரு படகின் உள்ளே நின்றுகொண்டிருந்தோம்.

தலைநகரிலிருந்து ஆய்வாளர் ஒருவர் நாலு மாணவர்களோடு வந்து கோடை முழுக்கத் தோண்டினார். ஊறி வரும் தண்ணீரை இரண்டு பம்புகள் விடாமல் இறைத்தன. முதல் நாளே ஆய்வாளர் எல்வீராவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"அம்மா, நூறு வருஷத்துக்கு மேல பழைய கப்பல் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். சட்டம் அப்படி."

"படகை எடுத்துக்குங்க, நான் எங்க போய் மீன் பிடிக்கப்போறேன்? மண்ணை மட்டும் திருப்பிப் போட்டுட்டுப் போங்க, கிழங்கு போடணும்."

ஆனால் அவரால் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. மாடு கறந்ததும் காப்பிக் கூஜாவோடு வந்து பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிடுவார். களிமண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு செப்புக் கொப்பரை, அதற்குள் அடுக்கி வைத்த மரக்கரண்டிகள். தறியின் அச்சு. ஒரு தொட்டில். ஒரு குழந்தையின் தோல் செருப்பு, இடது கால். சரக்குக் கப்பலில் இதெல்லாம் இருக்காது. ஊரே யோசித்தது. எல்வீராவுக்கு மட்டும் யோசனை தேவைப்படவில்லை. தொட்டிலைப் பார்த்த நிமிடமே என்னிடம் சொன்னார்: "இவங்க ஊரை விட்டு ஓடினவங்க, தம்பி. சாமான் அடுக்கியிருக்கறதைப் பாருங்க. நானும் கொப்பரைக்குள்ளதான் கரண்டியை வச்சேன்."

அவர் சொன்னது சரி. எங்கள் கோயிலில் ஒரு பழைய ஏடு இருக்கிறது. 1714இல் ரஷ்யப் படை கரையோரமாக வடக்கே வந்தபோது ஊர்க்காரர்கள் படகுகளில் ஏறிக் கடலைத் தாண்டி ஸ்வீடனுக்கு ஓடினார்கள். போனவர்கள் நூற்றுப் பதினாறு பேர் என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். ஊர் எரிந்தது. ஏழு வருடம் கழித்துத் திரும்பியவர்கள் நாற்பத்தொரு பேர். ஒரு படகு துறை வாயிலிலேயே முழுகியது என்றும், ஆட்களை மற்றப் படகுகளில் ஏற்றிக்கொண்டார்கள் என்றும் ஒரு வரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் படித்த வரிதான். அந்தப் படகு எங்கே என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்று அங்கே ஒரு ஆள் முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. திரும்பி வந்தபோது சேறு மூடியிருக்கும். இடத்தைக் காட்ட வேண்டியவர்கள் அந்த நாற்பத்தொரு பேரில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஜூலை நடுவில் சாவிகள் கிடைத்தன. ஒரு தோல்வாரில் கோத்த பதினாலு இரும்புச் சாவிகள், உள்ளங்கை நீளம். மாணவி ஒருத்தி தண்ணீர்த் தொட்டியில் வைத்து மெல்லத் தூரிகையால் துடைத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் வெவ்வேறு கீறல்கள். துருவோ தயாரிப்பாளரின் முத்திரையோ என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எல்வீரா தொட்டிக்கு மேல் குனிந்தார்.

"அந்த நாலாவதைத் திருப்பு கண்ணு."

திருப்பினாள். தூண்டில் முள் போல ஒரு வளைவு, குறுக்கே இரண்டு கோடுகள்.

எல்வீரா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "இது கிரான்ஹோல்ம் வீட்டுச் சாவி. இந்தக் குறியை நான் மூணு வருஷம் கழுவியிருக்கேன்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பதினாலு வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டி, சாவியை யாரோ ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுகள் அந்த மாதமே சாம்பலாயின. இருநூற்றைம்பது வருடமாகச் சாவி மட்டும் கடலுக்கடியில் இருந்து, கடலே விலகிப்போய், ஒரு கரேலியாக்காரியின் வயலில் வெயிலைப் பார்த்திருக்கிறது.

தீராவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தொப்பியை எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். வயலில் கைத்தடியை ஊன்றிப் பள்ளத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். பிறகு சாவியைப் பார்த்தார். தொட அனுமதி இல்லை, தண்ணீருக்குள்தான் இருந்தது. தண்ணீரில் அவர் விரலின் நிழல் மட்டும் விழுந்தது.

எல்வீரா சற்றுத் தள்ளி நின்றார். அந்த வீட்டை விட்டு வந்த பதினெட்டு வருடத்தில் இருவரும் தெருவில் தலையசைத்துக்கொண்டதோடு சரி. நான் மொழிபெயர்க்கத் தயாராக நடுவில் போய் நின்றேன். தீரா கைத்தடியால் என்னை ஒதுக்கினார்.

"நீ தள்ளு," என்றார். பிறகு எல்வீராவைப் பார்த்து, தடுமாறித் தடுமாறி, ஃபின்னிஷில் பேசினார்.

"நீங்க… வரும்போது… என்ன எடுத்து வந்தீங்க?"

எல்வீராவின் வாய் திறந்தபடி நின்றது. "உங்களுக்கு ஃபின்னிஷ் தெரியுமா!"

"என்னை வளர்த்த ஆயா ஃபின்னிஷ். பேச வராது. புரியும்."

"எப்பலேர்ந்து புரியும்?"

"எப்பவுமே," என்றார் தீரா. "உப்புல ஊறின ஹெர்ரிங். அதுவும் புரிஞ்சது."

எல்வீராவின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறியது. நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தீராவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேனே," என்றார் மறுபடி. "என்ன எடுத்து வந்தீங்க?"

"பொண்ணு. மாடு. புளிச்ச மாவுத் தொட்டி. கொப்பரை ஒண்ணு. அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் குடுத்தாங்க."

"சாவி?"

"பூட்டலை. எதுக்குப் பூட்டணும்? தரையைத் துடைச்சேன். அதுக்கே அரை மணி நேரம் போச்சு. அடுப்பங்கரைச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். ஜன்னல்ல ஒரு சொம்பு தண்ணி வச்சுட்டு வந்தேன்."

"ஓடற நேரத்துல தரையைத் துடைச்சீங்களா? ஏன்?"

"யாரோ வந்து இருக்கப்போறாங்க இல்ல? அழுக்கா கிடந்தா இந்த வீட்டுக்காரி என்ன மாதிரிப் பொம்பளைன்னு நினைப்பாங்க?"

தீரா நெடுநேரம் பள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். களிமண்ணில் பாதி புதைந்த தொட்டில் அங்கே இருந்தது. "நான் அலமாரியைப் பூட்டி வச்சேன்," என்றார் கடைசியில். "உங்க பொண்ணுக்கு எட்டு வயசு. ஜாம் இருந்தது உள்ள."

எல்வீரா கூஜாவிலிருந்து காப்பி ஊற்றி அவர் கையில் கொடுத்தார். தீரா அதை நின்றபடியே குடித்தார்.

"இனிமே நீங்க, வாங்க எல்லாம் வேண்டாம்," என்றார் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது. "என் பேரு தீரா. நீன்னே கூப்பிடு."

எங்கள் ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. தீரா தன் சம்பந்தியையே அதுவரை நீங்க என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

படகை எடுக்க முடியவில்லை. காற்றுப் பட்டால் மரம் பொடிந்துவிடும் என்று ஆய்வாளர் சொன்னார். ஆணிக்கு ஆணி வரைந்துகொண்டு, ஈரம் போகாமல் மறுபடி களிமண்ணால் மூடினார்கள். சாவிகள் மட்டும் பல மாதம் மருந்துத் தண்ணீரில் இருந்து பதமாகி நகரசபைக் கட்டடத்துக்கு வந்தன. விளக்க அட்டையில் எந்த மொழி முதலில் என்று உறுப்பினர்கள் இரண்டு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஓடினவர்கள் ஸ்வீடிஷ் பேசியவர்கள் என்றார்கள் ஒரு பக்கம், கண்டுபிடித்தது ஃபின்னிஷ் பேசும் பெண் என்றார்கள் இன்னொரு பக்கம். முடிவாகாததால் ஒரு வருடம் அட்டையே இல்லாமல் இருந்தது. அந்த வருடம் முழுக்க சனிக்கிழமைகளில் எல்வீரா வந்து, பார்க்க வருகிறவர்களுக்கு வாயாலேயே சொன்னார். முதலில் ஃபின்னிஷில். பிறகு, தான் அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்ட கோணல் ஸ்வீடிஷில். முன்வரிசை நாற்காலியில் தீரா உட்கார்ந்திருப்பார்.

"படகு ‘முங்குச்சு’ இல்லடி, ‘முழுகிச்சு’."

"முங்கினா என்ன, முழுகினா என்ன, மேல வந்ததா? என் வயலைத் தோண்டினப்புறம்தானே வந்தது? நீ சும்மா இரு."

கூட்டம் சாவியைவிட இவர்கள் இருவரையும் பார்க்கத்தான் வந்தது என்று நினைக்கிறேன். அட்டை வந்த பிறகும் சனிக்கிழமை நிற்கவில்லை. தீரா 1973இல் இறந்தார். அதற்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை எல்வீரா ஸ்வீடிஷில் சொன்னபோது ஒரு பிழைகூட இல்லை. சொல்லி முடித்துவிட்டு, வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்.

எல்லை திறந்து பழைய ஊர்களுக்குப் பேருந்து விட்ட காலத்தில் ஐலி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவையும் கூப்பிட்டாள். எல்வீரா மறுத்துவிட்டார். "அந்த வீட்டுல இப்ப இருக்கறவங்க, சொந்தக்காரி வந்துட்டாளேன்னு பயந்துடுவாங்க. அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்," என்றார்.

1994 கோடையில், நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன், கடற்கரை வரைபடத்தைப் புதுப்பித்தோம். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் துறைக்கு வெளியே ஒரு புள்ளி தெரிந்தது. அதற்கு முந்தைய படத்தில் அது இல்லை. எல்வீராவுக்கு எண்பத்துநாலு வயது. சொன்னால் கூட்டிப்போகச் சொல்லுவார் என்று தெரியும், அதனால்தான் சொன்னேன்.

ஜூன் மாதக் காலை, அலையே இல்லை. துடுப்பை எடுத்துவைத்துவிட்டுப் படகை மெல்ல மிதக்கவிட்டேன். சமையலறை மேசை அகலத்துக்கு ஒரு பாறை, தண்ணீரிலிருந்து ஒரு விரல் பருமன்தான் உயரம். பாசி ஈரமாக மின்னியது. ஒரு பறவையின் எச்சம்கூட அதன்மேல் இல்லை.

"இதுல இதுக்கு முன்னாடி யாராவது கால் வச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"வாய்ப்பே இல்லம்மா. போன வருஷம் வரைக்கும் தண்ணிக்குள்ள இருந்தது."

"பூமி உண்டானதிலிருந்து?"

"பனிக்கட்டி போனதிலிருந்து யாரும் இல்ல."

நான் கை கொடுத்து இறக்கிவிடலாம் என்று எழுந்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். படகின் விளிம்பில் சாய்ந்து உள்ளங்கையை மட்டும் பாறையின் மேல் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் வைத்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இதுக்குப் பேர் வைக்கணும்," என்றேன் பிறகு. "படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. ஃபின்னிஷ்ல ஒண்ணு, ஸ்வீடிஷ்ல ஒண்ணு. நீங்களே சொல்லுங்க, அதையே எழுதிடறேன்."

அவர் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள என்ன அவசரம் அளவைக்காரரே? முதல்ல அது காயட்டும்."

திரும்பி வரும் வழியில் பாறையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பினேன். அகலம், நீளம், உயரம் எல்லாம் எழுதினேன். அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.